பூமியின் காந்த வரலாறு – பகுதி 17: வாலிலிருந்து அறுந்த திரள்கள்

சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தைப் பகற்பக்கத்தில் எப்படி அமுக்கிப் பிடிக்கிறது என்பதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். சூரியனை நோக்கிய பக்கத்தில் நமது காந்தக் கோளம் ஏறத்தாழ 10 புவி ஆரைத் தூரத்தில், அதாவது 64,000 கிலோமீற்றரளவில் முடிந்துவிடுகிறது. அப்படியானால் இரவுப் பக்கத்தில் என்ன நடக்கிறது? அந்தப் பக்கத்தில் காந்தப்புலம் எவ்வளவு தூரம் போகிறது, எங்கே முடிகிறது, அதற்குள் என்ன ஓடுகிறது? இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த முப்பது ஆண்டுகளின் கதைதான் இந்தப் பகுதி.

ஒரே வாரத்தில் இரண்டு ஏவல்கள்

1963 நவம்பர் 21ஆம் திகதி மாலை, திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவர் கிராமத்திலிருந்து நைக்-அப்பாச்சி றொக்கட் ஒன்று மேலெழுந்தது. இந்திய விண்வெளித் திட்டத்தின் முதல் அடி அது. விக்ரம் சாராபாய் திரட்டிய அந்த இளைஞர் அணியில் இராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாமும் இருந்தார். தென்னை மரங்களும் ஒரு தேவாலயமும் இருந்த அந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. பூமியின் காந்த நடுக்கோடு அந்த ஊரை ஒட்டிச் செல்கிறது.

காந்த ஊசியொன்றை அதன் நடுவில் கட்டி எப்பக்கமும் சாயும்படி தொங்கவிட்டால், காந்தத் துருவங்களில் அது செங்குத்தாக நிற்கும். காந்த நடுக்கோட்டில் தரைக்குச் சமாந்தரமாகக் கிடக்கும். இலங்கை முழுவதுமே இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நிவித்திகலயில் அப்படியொரு ஊசியைத் தொங்கவிட்டுப் பார்த்தால் அது சில பாகை மட்டுமே சாயும். காந்த நடுக்கோட்டின் வழியே, நூறு கிலோமீற்றர் உயரத்தில், பகல் முழுவதும் பலமான மின்னோட்டமொன்று கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதை ஆராயத்தான் தும்பாவில் ஏவுதளம் அமைந்தது. அதே பத்தாண்டில் கொழும்பில் எஸ். ஞானலிங்கம் என்ற தமிழ் இயற்பியலாளர், மேல்வளியின் அயன் மண்டலம் வானொலி அலைகளை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை 1964 முதல் 1970 வரை, அரைச் சூரியச் சுழற்சிக் காலம் விடாமல் அளந்து வந்தார். விண்வெளி ஆராய்ச்சி எங்கோ குளிர்நாடுகளில் மட்டும் நடந்த காரியம் என்று நினைக்கத் தேவையில்லை. நம் தலைக்கு மேலேயும் அளக்க வேண்டியவை இருந்தன. அளந்தவர்களும் இருந்தார்கள்.

தும்பா றொக்கட் எழுந்து ஆறு நாட்கள் கழிந்து, நவம்பர் 27ஆம் திகதி, அமெரிக்காவின் கேப் கனவெரலிலிருந்து ஐ.எம்.பி-1 என்ற செய்மதி ஏவப்பட்டது. எக்ஸ்புளோரர் 18 என்ற பெயரும் அதற்கு உண்டு. சந்திரனுக்குப் போகும் வழியில் பாதித் தூரம் வரை சென்று திரும்பும் நீள்வட்டப் பாதை அதனுடையது. அதில் இருந்த காந்தமானியைப் பொறுப்பேற்று நடத்தியவர் நோர்மன் நெஸ்.

செய்மதியின் பாதை விண்வெளியில் ஒரே திசையில் நிலைத்து நிற்க, பூமி சூரியனைச் சுற்றி நகர்ந்தது. அதனால் முதலில் பகற்பக்கத்தில் நீண்டிருந்த பாதை, மாதங்கள் செல்லச் செல்ல இரவுப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. 1964இன் முற்பகுதியில் நெஸ் கண்டது அதுவரை யாரும் அளந்திராத ஒன்று. இரவுப் பக்கத்தில் காந்தப்புலக் கோடுகள் பூமிக்குத் திரும்பி வளையாமல், சூரியனுக்கு எதிர்த்திசையில் நேராக நீண்டு போயின. வடபாதியில் புலம் பூமியை நோக்கியும் தென்பாதியில் பூமியை விட்டு வெளிநோக்கியும் இருந்தது. எதிரெதிர்த் திசைகள் கொண்ட இந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே, புலம் ஏறக்குறைய இல்லாமற்போகும் மெல்லிய தாள்போன்ற பகுதி ஒன்று இருந்தது. நெஸ் 1965இல் இதை வெளியிட்டார். பூமிக்கு ஒரு காந்த வால் இருப்பது அன்று உறுதியானது.

வால் எங்கே முடிகிறது?

அந்த வாலை எதிர்பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. பிரித்தானியர் ஜேம்ஸ் டன்ஜி 1961இலேயே, சூரியக் காற்று சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பும்போது பூமியின் புலக்கோடுகளோடு பிணைந்துகொள்ளும் என்று எழுதியிருந்தார். பகற்பக்கத்தில் பிணைந்த கோடுகளைச் சூரியக் காற்று பின்னால் இழுத்துச் செல்லும். இரவுப் பக்கத்தில் வடபாதிக் கோடுகளும் தென்பாதிக் கோடுகளும் மறுபடி சந்தித்து, அறுந்து, புதிதாக இணையும். இதைத்தான் காந்த மீளிணைவு என்கிறார்கள். மீளிணைந்த கோடுகளில் ஒரு பகுதி பூமிக்குத் திரும்பும். மற்றது சூரியக் காற்றோடு போய்விடும். இந்தக் கணக்கின்படி வால் ஆயிரம் புவி ஆரை வரை நீளும் என்று டன்ஜி 1965இல் மதிப்பிட்டார். சந்திரன் இருப்பது வெறும் 60 புவி ஆரையில்.

1966 ஓகஸ்ட் 17இல் ஏவப்பட்ட பயனியர் 7 என்ற கலம் இந்தக் கணிப்பைத் தற்செயலாகச் சோதித்தது. அது சூரியனைச் சுற்றப் போன கலம். போகிற வழியில், செப்டெம்பர் பிற்பகுதியில், பூமிக்கு நேர்பின்னே ஆயிரம் புவி ஆரைத் தூரத்தைக் கடந்தது. அங்கே வாலின் அடையாளங்கள் விட்டுவிட்டுத் தெரிந்தன. சற்று நேரம் வாலுக்குள் இருப்பதுபோல, பிறகு வெளியே சூரியக் காற்றில் இருப்பதுபோல. அந்தத் தூரத்தில் வால் ஒழுங்கான உருவம் இழந்து கிடந்தது போலும். 1968 ஜனவரியில் பயனியர் 8 ஏறத்தாழ 500 புவி ஆரையில் அதேபோன்ற அறிகுறிகளைக் கண்டது.

இரண்டுமே வாலை ஒரேயொரு தடவை ஊடறுத்துப் போன கலங்கள். நின்று பார்க்கவில்லை, திரும்பி வரவுமில்லை. 30 புவி ஆரைக்கும் 1,000 புவி ஆரைக்கும் இடைப்பட்ட நீண்ட வெளி பெரும்பாலும் அறியப்படாமலே கிடந்தது. சந்திரனைச் சுற்றிய எக்ஸ்புளோரர் 35 மட்டும் 60 புவி ஆரையில் வாலைத் திரும்பத் திரும்பக் கடந்து அளவுகள் அனுப்பியது.

லொஸ் அலமோஸில் வரையப்பட்ட படம்

இதே காலத்தில் துருவ ஒளி பற்றிய ஆராய்ச்சி வேறொரு கேள்வியை எழுப்பியது. அலாஸ்காவில் பணிபுரிந்த ஜப்பானியர் சியுன்-இச்சி அகசோபு, துருவ ஒளி எப்படிப் பொங்கி அடங்குகிறது என்பதை 1964இல் படிப்படியாக விவரித்தார். அமைதியான ஒளிவில் ஒன்று திடீரெனப் பிரகாசிக்கும். துருவத்தை நோக்கிப் பரவும். வானம் முழுவதும் கொந்தளிக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்கும். தரையிலுள்ள காந்தமானிகளும் அதே நேரத்தில் துள்ளும். இதற்குத் துணைப்புயல் என்று பெயர். சாதாரண நாட்களில்கூட இது பல தடவை நிகழும். இத்தனை சக்தி திடீரென எங்கிருந்து வருகிறது?

வாலிலிருந்துதான் என்று நினைத்தவர்களில் ஒருவர் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தின் எட்வர்ட் ஹோன்ஸ். அணுகுண்டுப் பரிசோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செய்மதிகள் 18 புவி ஆரையில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றில் பிளாஸ்மாவை அளக்கும் கருவிகளும் இருந்தன. மின்னூட்டம் கொண்ட அயன்களும் இலத்திரன்களும் கலந்த வாயுதான் பிளாஸ்மா. வாலின் நடுவே இந்தச் சூடான பிளாஸ்மா தடித்த தாளாகப் படர்ந்திருக்கும். துணைப்புயல் தொடங்கும்போது அந்தத் தாள் சட்டென மெலிவதையும், அதற்குள் பிளாஸ்மா பூமியை விட்டு வெளிநோக்கி விரைவதையும் வேலா தரவுகளில் ஹோன்ஸ் கண்டார்.

1970களின் நடுப்பகுதியில் அவர் ஒரு தொடர்ப்படம் வரைந்தார். சூரியக் காற்றிலிருந்து சக்தி சேரச் சேர வால் நீண்டு இறுகுகிறது. ஒரு கட்டத்தில் பூமிக்குக் கிட்டவே, பிளாஸ்மாத் தாளுக்குள், புலக்கோடுகள் அறுந்து மீளிணைகின்றன. வாலின் தொலைவில் ஏற்கனவே ஒரு மீளிணைவுக் கோடு உண்டு. கிட்டத்தில் ஒன்று, தொலைவில் ஒன்று. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட பிளாஸ்மா, தன்னையே சுற்றி மூடிக்கொண்ட புலக்கோடுகளுக்குள் அடைபடுகிறது. பூமியோடு அதற்கு இருந்த பிடி போய்விடுகிறது. தோட்டத்துப் பீலியின் நுனியில் தண்ணீர் திரண்டு, நீண்டு, கழுத்து மெலிந்து, சொட்டாக அறுந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அறுந்த திரள் வாலின் வழியே வெளியே பறக்கிறது. மிச்சம் பூமியை நோக்கிச் சுருங்கித் தெறிக்கிறது. துருவ ஒளி பொங்குவது அந்தத் தெறிப்பினால். அறுந்து பறக்கும் பொதியைத்தான் பிளாஸ்மாத் திரள் என்கிறோம்.

அழகான படம்தான். எல்லோரும் அதை ஏற்கவில்லை. வேலா செய்மதிகள் இருந்தது வாலின் தொடக்கத்தில். அங்கே கண்ட அறிகுறிகளுக்கு வேறு விளக்கங்களும் சொல்ல முடிந்தது. வால் மேலும் கீழும் அசைந்தாலே தாள் கலத்தை விட்டு விலகுவதுபோலத் தெரியும். திரள் உண்மையில் பறக்கிறதென்றால் அது தொலைவாலைக் கடந்து போயாக வேண்டும். அங்கே காத்திருக்க ஒரு கலம் தேவை. அப்படியொரு கலம் அப்போது இல்லை.

சூரியப் பக்கம் நின்ற கலம் திரும்பியது

1978 ஓகஸ்ட் 12இல் ஏவப்பட்ட ஐ.எஸ்.ஈ.ஈ-3 என்ற கலம் வாலுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றரில், இரண்டின் ஈர்ப்பும் கலத்தின் சுழற்சியோடு சமப்படும் ஒரு புள்ளி உண்டு. அந்தப் புள்ளியைச் சுற்றி வளையமிட்டு, வந்துகொண்டிருக்கும் சூரியக் காற்றை பூமிக்கு முன்னதாகவே அளப்பதுதான் அதன் வேலை. அப்படி ஒரு பாதையில் முதன்முதலாக நின்ற கலம் அதுவே. அந்தப் பாதையைக் கணக்கிட்டவர் றொபர்ட் ஃபார்குவார்.

நான்கு ஆண்டுகள் வேலை செய்த பின்னும் கலத்தில் எரிபொருள் மீதி இருந்தது. கருவிகளும் நன்றாக இயங்கின. புதிய கலமொன்று கட்ட வழியில்லாத நேரத்தில், இருக்கிற கலத்தையே வாலுக்கு அனுப்பலாம் என்ற முடிவு எடுக்கப்பட்டது. 1982 ஜூன் 10இல் ஐ.எஸ்.ஈ.ஈ-3 தன் இடத்தை விட்டு நகர்ந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 1983 டிசெம்பர் வரை, சந்திரனின் ஈர்ப்பைப் பயன்படுத்தித் தன் பாதையை மாற்றி மாற்றி, வாலுக்குள் நுழைந்து வெளிவந்தது. அதிகபட்சம் 240 புவி ஆரை வரை, அதாவது சந்திரனின் தூரத்தைப்போல நான்கு மடங்கு தொலைவுக்கு அது போனது.

இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். கலம் ஏவப்பட்டபோது யாரும் நினைத்திராத வேலை அது. வாலின் வரலாற்றில் மிகப் பெரிய திறப்பு, ஒரு பழைய கலத்தைத் தூக்கிப் போடாமல், அதனால் இன்னும் என்ன முடியும் என்று கணக்குப் போட்டவர்களிடமிருந்து வந்தது.

ஒரு கோட்டிலிருந்து ஓர் உருவம்

தொலைவாலில் கலம் முதலில் கண்டது ஒழுங்கு. 200 புவி ஆரைக்கு அப்பாலும் வடபாதி, தென்பாதி, நடுவே பிளாஸ்மாத் தாள் என்ற அமைப்புக் கலையவில்லை. பாதிகளில் புலத்தின் பலம் சுமார் 9 நனோதெஸ்லா. இலங்கையில் தரையில் நாம் அளக்கும் புலம் ஏறத்தாழ 40,000 நனோதெஸ்லா என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு மெல்லிய கட்டு அத்தனை பெரிய உருவத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது தெரியும். பிளாஸ்மாத் தாளில் ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஒரு துணிக்கைகூடத் தேறாது. சராசரியாக 100 புவி ஆரைக்கு அப்பால் அந்தப் பிளாஸ்மா வெளிநோக்கியே ஓடியது. ஆகவே தொலைவு மீளிணைவுக் கோடு அந்தத் தூரத்தை ஒட்டியே இருக்க வேண்டும் என்று ஜேம்ஸ் ஸ்லாவினும் குழுவினரும் 1985இல் கணித்தார்கள்.

இனித் திரள். இங்கேதான் வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். கலத்துக்குக் கண் இல்லை. தொலைவாலை எந்தக் கமராவும் படம் பிடிக்கவில்லை. அங்குள்ள பிளாஸ்மா ஒளி தருவதில்லை. கலம் தான் இருக்கும் ஒரேயொரு புள்ளியில் புலம் எவ்வளவு, எந்தத் திசை, பிளாஸ்மா எவ்வளவு வேகம் என்று அளந்து அனுப்பும். பூமிக்கு வந்து சேர்வது நேரத்தோடு ஏறி இறங்கும் கோடுகள் மட்டுமே. அந்தக் கோடுகளிலிருந்து இலட்சக் கணக்கான கிலோமீற்றர் அகலமான ஓர் உருவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹோன்ஸின் படத்திலேயே விடை இருந்தது. திரளுக்குள் புலக்கோடுகள் மூடிய வளையங்கள். வளையத்தின் ஒரு பக்கம் புலம் வடக்கு நோக்கும். எதிர்ப்பக்கம் தெற்கு நோக்கும். வெளியே பறக்கும் திரளின் முன்பாதியில் புலம் வடக்கு நோக்கியும் பின்பாதியில் தெற்கு நோக்கியும் இருக்க வேண்டும். ஆகவே திரள் கலத்தைக் கடந்தால், காந்தமானியின் கோடு முதலில் வடக்காக எழுந்து, சில நிமிடங்களில் தெற்காக விழ வேண்டும். அதே நேரம் பிளாஸ்மா வெளிநோக்கி விரைய வேண்டும். இவை மூன்றும், எழுச்சி, வீழ்ச்சி, விரைவு, இதே ஒழுங்கில் சேர்ந்து வர வேண்டும். வால் வெறுமனே அசைந்தால் இந்த ஒழுங்கு அமையாது.

1983இன் முதல் மாதங்களில், ஐ.எஸ்.ஈ.ஈ-3 ஏறத்தாழ 220 புவி ஆரையில் இருந்தபோது, அந்த ஒழுங்கு வந்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை. எட்வர்ட் ஸ்மித்தின் காந்தமானியும் லொஸ் அலமோஸைச் சேர்ந்த சாமுவேல் பேமின் பிளாஸ்மாக் கருவியும் ஒத்த சாட்சி சொன்னன. பிளாஸ்மா செக்கனுக்கு 500 முதல் 1,000 கிலோமீற்றர் வேகத்தில் வெளியே ஓடியது.

ஒரு சாட்சி இன்னும் வேண்டியிருந்தது. திரள் துணைப்புயலால்தான் உண்டானது என்பதற்கு நேரம் பொருந்த வேண்டும். ஹோன்ஸும் குழுவினரும் தரைக் காந்தமானிகளிலும் பூமிக்கு அருகிலிருந்த செய்மதிகளிலும் துணைப்புயல் தொடங்கிய நேரங்களை எடுத்து, கலத்தின் கோடுகளோடு ஒப்பிட்டார்கள். தொடங்கி ஏறத்தாழ 30 நிமிடத்தில் திரள் கலத்தை அடைந்தது. செக்கனுக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒன்று அரை மணி நேரத்தில் கடக்கும் தூரம் பன்னிரண்டரை இலட்சம் கிலோமீற்றர். கிட்டத்தட்ட 200 புவி ஆரை. கணக்கு நேராக வந்தது. 1984இல் முடிவுகள் வெளியாகின. பத்தாண்டளவாகக் காகிதத்தில் மட்டும் இருந்த திரள், அளவுகளில் வந்து நின்றது.

அதே ஆண்டில் ஸ்லாவின் இன்னொன்றையும் காட்டினார். கலம் பிளாஸ்மாத் தாளுக்கு வெளியே, அமைதியான பாதிகளில் இருக்கும்போதும் புலம் சில நிமிடங்கள் சற்றே உயர்ந்து தணிந்தது. கலத்துக்குக் கீழே அல்லது மேலே திரள் ஒன்று கடந்து போகும்போது, அது வாலின் பாதிகளை வெளியே தள்ளி நெருக்குகிறது. திரளைத் தொடாமலேயே அது போன தடத்தை அறியும் வழி இது. இதனால் ஒருநாளில் எத்தனை திரள்கள் போகின்றன என்பதை முன்னைவிட நன்றாக எண்ண முடிந்தது.

1983 டிசெம்பர் 22இல் கலம் சந்திரத் தரைக்கு வெறும் 120 கிலோமீற்றர் மேலே பறந்து, அந்த வீச்சில் வாலை விட்டு நீங்கியது. 1985 செப்டெம்பர் 11இல் ஜியாக்கோபினி-சின்னர் என்ற வால்வெள்ளியின் வாலுக்குள் நுழைந்தது. வால்வெள்ளியொன்றை நேரில் அணுகிய முதல் கலம் என்ற பெருமையும் அதற்கே. ஹேலி வால்வெள்ளிக்கு ஐரோப்பாவும் சோவியத் நாடும் ஜப்பானும் அனுப்பிய கலங்கள் போய்ச் சேர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

ஜப்பான் கட்டிய வால்கலம்

ஐ.எஸ்.ஈ.ஈ-3இல் அயன்களின் ஓட்டத்தை முழுமையாக அளக்கும் வசதி இருக்கவில்லை. வாலுக்கென்றே ஒரு கலம் வேண்டும் என்று வாதாடியவர் ஜப்பானின் அட்சுஹிரோ நிஷிடா. பூமிக்குக் கிட்ட வால் அறுவதைப் பற்றி 1973இலேயே எழுதியவர் அவர். ஜப்பானிய விண்வெளி நிறுவனம் கட்டி, நாசாவோடு சேர்ந்து, 1992 ஜூலை 24இல் ஜியோடெயில் ஏவப்பட்டது. 1994 நவம்பர் வரை, சந்திரனின் ஈர்ப்பால் மீண்டும் மீண்டும் பாதையைத் திருப்பி, 210 புவி ஆரை வரை தொலைவாலை அது ஆராய்ந்தது. பிறகு கிட்டவாலுக்கு இறங்கி, 2022 நவம்பரில் பணி முடியும்வரை முப்பது ஆண்டுகள் உழைத்தது.

ஜியோடெயில் தந்த பெரிய திருத்தம் திரளின் உள்ளமைப்பைப் பற்றியது. ஹோன்ஸின் படத்தில் திரள் மூடிய வளையங்களின் அடுக்கு. அதன் நடுவில் புலம் ஏறக்குறைய இல்லாமலிருக்க வேண்டும். ஆனால் பல திரள்களின் நடுவில் புலம் குறையவில்லை; மாறாகப் பலத்தது. வாலுக்குக் குறுக்கே, கிழக்கு மேற்காக, ஒரு மையப் புலம் ஓடியது. வளையங்கள் மூடாமல் அந்த மையத்தைச் சுற்றி முறுக்கேறிச் சென்றன. முறுக்கிய காந்தக் கயிறுகள் அவை. இரண்டு பரிமாணத்தில் வரைந்த படம் மூன்று பரிமாணத்தில் வேறு விதமாக இருந்தது. 1987இலேயே ஜெஃப்ரி ஹியூஸும் டேவிட் சைபெக்கும் இதை எதிர்பார்த்து எழுதியிருந்தார்கள்.

அகிமாசா இயெடாவும் குழுவினரும் ஜியோடெயிலின் தரவில் 824 திரள்களை எடுத்து 1998இல் கணக்கிட்டார்கள். கிட்டவாலில் சிறிதாகவும் மெதுவாகவும் இருப்பவை, சந்திரனின் தூரத்தைத் தாண்டும்போது வளர்ந்து வேகம் பிடிக்கின்றன. அங்கே ஒரு திரளின் நீளம் சராசரி 10 புவி ஆரை, அகலம் 40 புவி ஆரை. வேகம் செக்கனுக்கு 700 கிலோமீற்றர். சந்திரனுக்குப் போகும் தூரத்தை ஒன்பது நிமிடத்தில் கடக்கும் வேகம். அதே ஆண்டில் துகுனோபு நகாய், கிட்டவால் அறும் இடம் பெரும்பாலும் 20 முதல் 30 புவி ஆரைக்குள் என்று காட்டினார். 2008 பெப்ரவரி 26இல் வால் நெடுக வரிசையாக நின்ற தெமிஸ் கலங்கள் ஒரு துணைப்புயலைத் தொடக்கத்திலிருந்தே பிடித்தன. முதலில் வாலில் 20 புவி ஆரையளவில் மீளிணைவு. அதன் பிறகே துருவ ஒளியின் பொங்கல். ஹோன்ஸ் வரைந்த வரிசைக்கு அன்று மேலும் ஒரு வலுவான சான்று கிடைத்தது.

போயா நிலா போகும் வழி

இத்தனையும் நமக்கு எட்டாத தூரத்தில் நடப்பவைதானே என்று கேட்கலாம். நள்ளிரவில் நிவித்திகலயில் நின்று தலைக்கு மேலே பார்த்தால், ஏறத்தாழ அந்தத் திசையிலேயே பூமியின் வால் நீண்டு கிடக்கிறது. சூரியனுக்கு நேர் எதிரே சந்திரன் வரும் நாளைத்தான் நாம் போயா என்று விடுமுறையாகக் கொண்டாடுகிறோம். சிவனொளிபாத மலைக்கு இரத்தினபுரி வழியே ஏறுபவர்களுக்குப் பருவம் தொடங்குவதும் முடிவதும் போயாவில்தான். ஒவ்வொரு போயாவிலும், அதற்கு முன்னும் பின்னுமாகச் சில நாட்கள், சந்திரன் பூமியின் காந்த வாலுக்குள் இருக்கிறது. நெஸ் கண்ட இரண்டு பாதிகளும் நடுத்தாளும் ஹோன்ஸின் திரள்களும் அப்போது அதன் மேல் கடந்து போகின்றன.

அந்தச் சந்திரனுக்குத் தும்பாவிலிருந்து ஒரு கருவி போனது. 2008 ஒக்டோபர் 22இல் ஏவப்பட்ட சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. அந்தக் கலத்தில் இருந்த சாரா என்ற கருவியைச் சுவீடனோடும் மற்ற நாடுகளோடும் சேர்ந்து செய்தது திருவனந்தபுரத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வுகூடம். சந்திரத் தரையில் மோதும் புரோத்தன்களில் ஒரு பங்கு, ஐதரசன் அணுக்களாக மாறித் திரும்பத் தெறிப்பதை சாரா கண்டுபிடித்தது. சந்திரன் வாலின் பிளாஸ்மாத் தாளுக்குள் இருந்தபோதும் அது அப்படியே நிகழ்வதை, அதன் தரவிலிருந்து ஹராடாவின் குழு 2014இல் எழுதியது. காந்த நடுக்கோட்டுக்காகத் தேர்ந்த ஒரு கடற்கரை, நாற்பத்தைந்து ஆண்டுகளில் பூமியின் வாலுக்குள் கைநீட்டி அளந்தது.

2019 செப்டெம்பரில், சென்னைத் தமிழரான வனிதா முத்தையா திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-2இன் கிளாஸ் என்ற கருவியும், வாலைக் கடக்கையில் மின்னூட்டத் துணிக்கைகளின் ஏற்ற இறக்கத்தைப் பதிந்தது. விழுப்புரத்து வீரமுத்துவேல் தலைமையேற்ற சந்திரயான்-3 தரையிறங்கியது 2023 ஓகஸ்ட் 23இல். அது அங்கே இயங்கிக்கொண்டிருந்த நாட்களிலேயே ஓகஸ்ட் 30ஆம் திகதிப் போயாவும் வந்தது. நம் ஊர்களில் முழுநிலா தெரிந்த அந்த இரவில், அதன் விக்ரம் என்ற தரையிறங்கியும் வாலுக்குள் நின்றது.

இன்னொரு செய்தி என்னை மிகவும் நெகிழ வைக்கிறது. ஜப்பானின் ககுயா கலம் சந்திரனைச் சுற்றியபோது, பிளாஸ்மாத் தாளுக்குள் ஒட்சிசன் அயன்கள் சந்திரனை நோக்கி வருவதை அளந்தது. அவை பூமியின் வளிமண்டலத்திலிருந்து கசிந்தவை என்று 2017இல் காட்டப்பட்டது. பூமியின் வளியில் ஒட்சிசன் இருப்பதற்குக் காரணம் பச்சை இலைகள். உலகின் காடுகளும் கடற்பாசிகளும், நம் மலைச்சரிவுகளின் தேயிலையும் இறப்பரும் கூடச் சேர்ந்து பேணிவரும் வளியின் ஒரு சிறு பங்கு, காந்த வாலின் வழியே சந்திரத் தரையில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த முப்பது ஆண்டுக் கதையில் நான் வாசகர்களிடம், குறிப்பாகச் சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளிடம், அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. திரளைக் கண்டுபிடித்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. ஒரு புள்ளியில் கிடைத்த எண்களை வைத்து, திரள் இருந்தால் என்ன தெரிய வேண்டும், இல்லாவிட்டால் என்ன தெரியும் என்று முன்கூட்டியே கேட்டுவைத்தார்கள். விடை வந்தபோது அதைத் தரையிலிருந்தவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டார்கள். பிறகு வந்தவர்கள் அந்தப் படத்தையும் திருத்தினார்கள். இதற்குப் பெரிய தொலைநோக்கி தேவைப்படவில்லை. சரியான கேள்வியும், அதைக் கணக்காக மாற்றத் தெரிந்த பயிற்சியும் தேவைப்பட்டன. அந்தப் பயிற்சி உயர்தர விஞ்ஞான வகுப்பில் தொடங்குகிறது. நம் தோட்டப்புறப் பிள்ளைகள் பலருக்கு அந்த வகுப்பு இன்னும் கிட்டவில்லை. கலங்களின் தரவுகள் இன்று உலகம் முழுவதற்கும் திறந்து கிடக்கின்றன. ஜியோடெயிலின் எண்களை இரத்தினபுரியிலிருந்தும் எடுத்துப் படிக்கலாம். படிக்கக் கற்பிப்பது நம் பொறுப்பு.

வால் அறுவது சாதாரண நாட்களில் துருவ ஒளியோடு முடிந்துவிடுகிறது. சூரியன் சீறும் நாட்களில் அப்படி முடிவதில்லை. 1989 மார்ச் 13ஆம் திகதி அதிகாலை, கனடாவின் கியூபெக் மாகாணம் முழுவதும் மின்சாரம் நின்றது. அறுபது இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தார்கள். அந்த இரவில் பூமியின் காந்தப்புலத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)